யுத்தத்தை எதிர்த்து, படையினருக்கு வாக்களித்தவர்கள்

யுத்தமொன்றை எதிர்க்கும் ஒருவர் அந்த யுத்தத்தில் போரிடும் தனது நாட்டுப் படையினரை ஆதரிக்க முடியுமா என்ற கேள்வி, 2003 இல் ஆரம்பித்த ஈராக் யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஓயாமல் கேட்கப்பட்டது. கார்களின் பின்புறத்தில் மஞ்சள் நாடாச் சின்னம் ஒட்டியவர்களும் படையினரை ஆதரிப்பதாகவே சொன்னார்கள். யுத்தத்தை நிறுத்துமாறு வீதியில் இறங்கியவர்களும் அதையே சொன்னார்கள். கொழும்பிலே, பாராளுமன்றச் செய்தியாளர் கலரியில் இருந்து மாதந்தோறும் அவசரகாலச் சட்ட நீடிப்பு விவாதங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்த எனக்கு இதில் புதுமை ஏதும் தெரியவில்லை. யுத்தத்தைக் குறைகூற எழுந்த தென்னிலங்கை உறுப்பினர்களில், முதலில் படையினருக்குப் புகழாரம் சூட்டாமல் அடுத்த வாக்கியத்துக்குச் சென்றவர்கள் மிகவும் அரிது.

இந்தக் கேள்வி ஈராக்கில் பிறந்ததல்ல. வியட்நாமில் பிறந்ததும் அல்ல. அமெரிக்க அரசியலில் அது கூர்மையாக எழுந்தது 1846 இல், மெக்சிக்கோவுக்கு எதிரான யுத்தத்தின்போது. அன்று அதற்கு விடை சொல்ல முயன்றவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன் என்பதனால், அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

1845 இல் டெக்சாஸை அமெரிக்கா தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதன் தென்னெல்லை எது என்பதில் தகராறு மூண்டது. நுவேசெஸ் ஆறுதான் டெக்சாஸின் எல்லை என்றது மெக்சிக்கோ. அதற்கும் தெற்கே, றியோ கிராண்ட் ஆறு வரை தங்களுடையது என்றது வாஷிங்டன். 1846 ஜனவரியில் ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க், ஜெனரல் சக்காரி டெய்லரின் படையை றியோ கிராண்ட் ஆற்றை நோக்கி நகருமாறு பணித்தார். அதாவது, இரு நாடுகளும் உரிமை கோரிய நிலத்துக்குள் படை அனுப்பப்பட்டது. எதிர்பார்க்கக்கூடியது நடந்தது. ஏப்ரல் 25 ஆம் திகதி மெக்சிக்கோவின் குதிரைப்படை அமெரிக்க ரோந்து அணியொன்றைத் தாக்கியது.

செய்தி வாஷிங்டனை வந்தடைந்தது மே 9 ஆம் திகதி சனிக்கிழமை மாலையில். அன்று பகல் நடைபெற்ற அமைச்சரவைக் கூட்டத்தில், இந்தச் செய்தி எதுவும் தெரியாத நிலையிலேயே, யுத்தம் கோரிக் காங்கிரசுக்குச் செய்தி அனுப்புவதென்ற எண்ணத்தை போல்க் வெளியிட்டிருந்தார். மெக்சிக்கோ கொடுக்கத் தவறிய நட்டஈட்டுத் தொகைகளே அப்போது காரணமாக இருந்தன. மாலையில் அதைவிட நல்ல காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் செய்தியைத் தயாரிப்பதில் செலவிட்டார். ஓய்வுநாளில் வேலை செய்ய நேர்ந்ததற்காகத் தனது நாட்குறிப்பில் வருத்தம் தெரிவிக்கவும் தவறவில்லை.

மே 11 திங்கட்கிழமை பிரதிநிதிகள் சபையில் நடந்ததுதான் முக்கியமானது. டெய்லரின் படைக்கு உதவுவதற்காக 50,000 தொண்டர் படையினரைத் திரட்டவும் ஒரு கோடி டொலர் ஒதுக்கவும் ஒரு சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. ஆபத்தில் இருக்கும் படையினருக்கு உதவி மறுக்க எவரும் முன்வரமாட்டார்கள். ஆளும் ஜனநாயகக் கட்சியினர் அந்தச் சட்டமூலத்துக்கு ஒரு முகவுரையைச் சேர்த்தார்கள். மெக்சிக்கோவின் செயலாலேயே யுத்த நிலைமை உருவாகியிருக்கிறது என்று அந்த முகவுரை கூறியது. பணத்துக்கு வாக்களிப்பவர், அந்தக் கூற்றுக்கும் சேர்த்தே வாக்களிக்க வேண்டும். கூற்றை மறுப்பவர், படையினருக்குப் பணம் மறுத்தவராவார். விவாதத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலங்கள். அதில் ஒன்றரை மணித்தியாலம் ஜனாதிபதி அனுப்பிய ஆவணங்களை வாசிப்பதிலேயே கழிந்தது.

எதிரணியான விக் கட்சியினரில் பலருக்கு அந்த முகவுரை பொய்யென்று தெரியும். தெரிந்தும் கைதூக்கினார்கள். ஆதரவாக 174, எதிராக 14. மறுநாள் செனட் சபையில் 40 இற்கு 2. தென்கரோலினாவின் ஜோன் கல்ஹூன் வாக்களிக்காமலேயே இருந்துவிட்டார்.

இதில் இன்னொரு விடயம் உண்டு. அபாயத்தில் இருப்பதாகக் கூறப்பட்ட டெய்லரின் படை, மே 8 ஆம் திகதி பாலோ அல்டோவிலும் 9 ஆம் திகதி ரெசாகா த லா பால்மாவிலும் வெற்றி பெற்றுவிட்டிருந்தது. தந்தி வசதி அந்தத் தூரத்துக்கு எட்டாத காலம். காப்பாற்றப்பட வேண்டிய தேவை தீர்ந்துபோன படையைக் காப்பாற்றுவதற்காகவே காங்கிரஸ் அவசரம் அவசரமாக யுத்தத்துக்கு வாக்களித்தது.

அந்த உத்தி போல்க்குடன் முடிந்துவிடவில்லை. 119 ஆண்டுகளுக்குப் பின்னர், 1965 மே மாதத்தில், வியட்நாமில் இருந்த படையினருக்கென ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் 70 கோடி டொலரைக் கோரினார். கையில் பணம் இல்லாமல் அல்ல. இது வழமையான நிதி ஒதுக்கீடு அல்ல, இதற்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும் வியட்நாம் முயற்சியைத் தொடர்வதற்கும் வாக்களிக்கிறார் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். பிரதிநிதிகள் சபையில் 408 இற்கு 7. செனட்டில் 88 இற்கு 3. வேய்ன் மோர்ஸ், ஏர்னஸ்ட் குருனிங், கேலோர்ட் நெல்சன் ஆகிய மூவர் மாத்திரமே மறுத்தனர். இவர்களில் மோர்சும் குருனிங்கும் 1968 இல் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். 1846 ஐ அறிந்தவருக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

இனி லிங்கனுக்கு வருவோம். இலினோய்ஸ் மாநிலத்திலிருந்து அவர் பிரதிநிதிகள் சபைக்கு வந்து சேர்ந்தது 1847 டிசம்பரில். மெக்சிக்கோ நகரம் செப்டெம்பரிலேயே வீழ்ந்துவிட்டது. போர்க்களத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. டிசம்பர் 22 ஆம் திகதி அவர் சமர்ப்பித்த பிரேரணைகள், அமெரிக்கரின் குருதி சிந்தப்பட்ட அந்த இடம் எது, அது உண்மையில் யாருடைய மண் என்று ஜனாதிபதியிடம் வினவின. ஜனவரி 3 ஆம் திகதி, இந்த யுத்தம் அவசியமின்றியும் அரசியலமைப்புக்கு முரணாகவும் ஜனாதிபதியால் தொடங்கப்பட்டது என்ற திருத்தப் பிரேரணைக்கும் அவர் வாக்களித்தார். ஊரிலே எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அவருக்குப் பட்டப்பெயர் சூட்டின. அவரது சட்டத்தொழில் பங்காளியான ஹேர்ண்டனே அதிருப்தியுடன் கடிதம் எழுதினார்.

பெப்ரவரி 1 ஆம் திகதி லிங்கன் எழுதிய பதில், நமது கேள்விக்கு நேரான பதில். தான் அளித்த வாக்குக்கும் படையினருக்கான நிதி பற்றிய வாக்குக்கும் சம்பந்தமில்லை. நிதிக்கு எப்போதும் ஆதரவளிக்கவே எண்ணியிருக்கிறேன் என்றார் அவர். ஆனால், யுத்தம் நியாயமானது என்று சொல்லும்படி கேட்டால், ஒரு பொய்யைச் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஜூலையில் சபையில் பேசியபோது இன்னும் தெளிவாகச் சொன்னார். யுத்தத்தைத் தொடங்கியதில் ஜனாதிபதியின் வழக்கு ஒன்று, தொடங்கிய பின்னர் நாட்டின் வழக்கு வேறொன்று. உங்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை என்று ஆளும் கட்சியினரைப் பார்த்துக் கூறினார்.

அந்த உரையில் அவர் எடுத்துக்காட்டிய சான்றுகள் எவரையும் உலுக்கக்கூடியவை. விக் கட்சியின் பெருந்தலைவர் ஹென்றி கிளேயின் மகன், தந்தையின் பெயரையே தாங்கியவர், 1847 பெப்ரவரியில் புவேனா விஸ்டாச் சமரில் கொல்லப்பட்டார். அதே நவம்பரில் கிளே லெக்சிங்டன் நகரில் யுத்தத்தைக் கண்டித்து உரையாற்றினார். வாஷிங்டன் செல்லும் வழியில் அங்கு தங்கியிருந்த லிங்கன் அந்த உரையைக் கேட்டவர்களில் ஒருவர். யுத்தத்தை எதிர்த்த மற்றொரு தலைவர் டானியல் வெப்ஸ்டரின் மகன் எட்வேர்ட், 1848 ஜனவரியில் மெக்சிக்கோவில் நோயினால் இறந்தார். இலினோய்ஸில் லிங்கனின் கட்சிப் போட்டியாளராக இருந்த ஜோன் ஹார்டினும் புவேனா விஸ்டாவில் மாண்டார். இத்தகையவர்களை நோக்கித்தான், எதிரிக்கு ஆறுதலும் உதவியும் அளிக்கிறீர்கள் என்று 1846 டிசம்பரில் போல்க் குற்றஞ்சாட்டியிருந்தார். அந்தச் சொற்கள் அமெரிக்க அரசியலமைப்பில் தேசத்துரோகத்துக்குத் தரப்பட்டுள்ள வரைவிலக்கணத்தில் வருபவை. தற்செயலாக வந்து விழுந்தவை அல்ல.

லிங்கனின் வேறுபாடு நேர்மையானது. ஆயினும் அது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. செனட்டர் தோமஸ் கோர்வினுக்கும் தரவில்லை. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த கோர்வின் 1846 மே மாதத்தில் யுத்தத்துக்கு வாக்களித்தவர். 1847 பெப்ரவரி 11 ஆம் திகதி அவர் எழுந்து, பணப்பையின் கயிறு காங்கிரசின் கையில் இருக்கிறது, பணம் மறுப்பதே யுத்தத்தை நிறுத்தும் வழி என்று வாதிட்டார். அநீதியென்று அறிந்தும் பணம் கொடுப்பவர் அநீதியை நடத்துபவரே என்பது அவரது தர்க்கம். பின்னர் அவர் சொன்னதைத்தான் நாடு மன்னிக்கவில்லை. தான் ஒரு மெக்சிக்கராக இருந்தால், உங்கள் நாட்டில் இறந்தவர்களைப் புதைக்க இடமில்லையா என்று படையெடுத்து வருபவரைக் கேட்பேன் என்றும், இரத்தம் தோய்ந்த கைகளுடனேயே அவர்களை வரவேற்பேன் என்றும் பொருள்பட அவர் பேசினார். அவரது கொடும்பாவிகள் எரிக்கப்பட்டன.

கோர்வினின் உரையில் என்னைக் கவர்ந்தது பணம் பற்றிய வாதம் அல்ல. அந்தச் சபையில் ஒருவராவது மெக்சிக்கரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தார் என்பதுதான். யுத்தமா, படையினரா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த உரை நிகழ்ந்த அடுத்த மாதம் வெராகுரூஸ் துறைமுக நகரை ஜெனரல் ஸ்கொட்டின் படை முற்றுகையிட்டுக் குண்டுமாரி பொழிந்தது. பெண்களையும் குழந்தைகளையும் வெளியேற்றப் போர்நிறுத்தம் தருமாறு வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் விடுத்த வேண்டுகோளை ஸ்கொட் ஏற்கவில்லை. அங்கு பீரங்கிகளை நிலைப்படுத்தும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் கப்டன் றொபேர்ட் லீ, பிற்காலத் தென்மாநிலத் தளபதி. எதிரிப் படையினரைப் பற்றித் தனக்கு அவ்வளவு கவலையில்லை, பெண்களையும் குழந்தைகளையும் நினைக்கத்தான் நெஞ்சு பதறியது என்று அவர் வீட்டுக்கு எழுதினார். குண்டு விழுந்த பக்கத்தில் வாழ்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு, படையினரை ஆதரிப்பது பற்றிய இந்த வாதத்தில் எப்போதும் ஓர் ஆள் குறைவாக இருப்பது தெரியும். பீரங்கியின் பக்கத்தில் நின்ற லீக்கு அது தெரிந்திருந்தது. வாக்களித்தவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த 14 பேரில் ஒருவர் முன்னாள் ஜனாதிபதி ஜோன் குயின்ஸி அடம்ஸ். வயது எண்பது. 1848 பெப்ரவரி 21 ஆம் திகதி, மெக்சிக்கோ யுத்தத்தில் வென்ற தளபதிகளுக்கு நன்றி தெரிவித்துப் பதக்கம் வழங்கும் பிரேரணை சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. வீரர்களைக் கௌரவிப்பதற்கும் யுத்தத்தை ஏற்பதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிக்கொண்டு ஆதரிக்கக்கூடிய பிரேரணைதான் அது. அடம்ஸ் உரத்த குரலில் "இல்லை" என்றார். சிறிது நேரத்தில் தனது ஆசனத்திலேயே சரிந்தார். இரண்டு நாட்களின் பின்னர் அந்தக் கட்டடத்திலேயே உயிர் நீத்தார். அவரது இறுதிச் சடங்குகளுக்கான குழுவில் லிங்கனும் இருந்தார்.

படையினர் என்ன நினைத்தார்கள்? அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தனர். அவர்களில் சமரில் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,700 பேர்தான். மீதிப் பேரைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றோட்டமும். உயிர் தப்பியவர்களில் இளம் லெப்டினன்ட் ஒருவர் யூலிசிஸ் கிரான்ட். பிற்காலத்தில் ஜனாதிபதியான அவர், பலமுள்ள நாடொன்று பலவீனமான நாடொன்றின் மீது தொடுத்த மிக அநியாயமான யுத்தங்களில் ஒன்று அது என்று தனது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பதவி விலகும் தார்மீகத் துணிவு தனக்கு அன்று இருக்கவில்லை என்றும் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். யுத்தத்தை எதிர்த்தபடி அதில் போரிட்டவர் அவர்.

விக் கட்சியினரோ 1848 தேர்தலில், தாங்கள் கண்டித்த யுத்தத்தின் வெற்றித் தளபதி டெய்லரையே ஜனாதிபதி வேட்பாளராக்கி வென்றார்கள். லிங்கனும் அவருக்காகப் பிரசாரம் செய்தார். இதைவிடச் சுலபமாகப் படையினரை ஆதரிக்கும் வழியொன்று இருக்க முடியாது!

அப்படியும் பழி தீரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1858 ஓகஸ்ட் 21 ஆம் திகதி ஒட்டாவா நகரில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், சொந்த நாட்டுக்கு எதிராக எதிரியின் பக்கம் நின்றவர் லிங்கன் என்று ஸ்டீபன் டக்ளஸ் சாடினார். படையினருக்குப் பணமோ காணியோ கேட்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் டக்ளஸ் அளித்த அதே வாக்கைத்தான் தானும் அளித்ததாக லிங்கன் பதிலளித்தார்.

1863 மே மாதத்தில் அவர் ஜனாதிபதி. உள்நாட்டு யுத்தத்தை எதிர்த்துப் பேசியமைக்காக ஒஹாயோ அரசியல்வாதி கிளெமென்ட் வலண்டிகம் இராணுவத்தால் கைது செய்யப்பட்டு, இராணுவ விசாரணையின் பின்னர் எதிர்த்தரப்புப் பிரதேசத்துக்கு நாடு கடத்தப்பட்டார். கண்டனம் தெரிவித்தவர்களுக்கு ஜூன் மாதத்தில் லிங்கன் எழுதிய பதிலில் ஒரு கேள்வி இருந்தது. படையை விட்டு ஓடும் அப்பாவிச் சிப்பாய்ப் பையனை நான் சுட வேண்டும். அவனை ஓடத் தூண்டும் தந்திரக்காரனின் ஒரு மயிரையும் தொடக்கூடாதா? ஒரு காலத்தில் போல்க் தனக்கு எதிராக ஏந்திய ஆயுதம், ஏறத்தாழ அதே வடிவில், இப்போது அவரது கையில் இருந்தது. அடிமை முறைக்கு எதிரான அந்த யுத்தம் வேறு, போல்க்கின் யுத்தம் வேறு என்று வாதிக்கலாம். நானும் வாதிப்பேன். ஆனால் போல்க்கும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

அந்த ஜூன் மாதத்தில் மெக்சிக்கோ நகருக்குள் வேறொரு அந்நியப் படை, பிரெஞ்சுப் படை, நுழைந்துகொண்டிருந்தது. அங்கே அமெரிக்கத் தூதுவராக இருந்தவர் தோமஸ் கோர்வின். அவரை அங்கு நியமித்து அனுப்பியவர் லிங்கன்.