குப்பை யாருடைய சொத்து? பட்டணத் துப்பரவும் உள்ளூராட்சிச் சபைகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

‘மூணு நாளாச்சி, சபைக்காரன் இன்னும் குப்பய அள்ளல்ல.’

நான் படிப்பிக்கும் பாடசாலையின் மதிலோடு ஒட்டிய சந்தியில் இந்தப் பேச்சைக் கேட்காத கிழமை இல்லை. தேநீர்க் கடையில் பேசுவார்கள், பள்ளிவாசல் முன்றலில் பேசுவார்கள், மறுகா அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். குப்பை அங்கேயே கிடக்கும். ஒருமுறை உள்ளூராட்சி பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: ‘சேர், குப்ப அள்ளுறது எப்பயிருந்து சபைட கடம? அதுக்கு முந்தி யாரு அள்ளின?’

எனக்கு உடனே பதில் வரவில்லை. தமிழ் படித்த எனக்குச் சட்டமும் நகராட்சி வரலாறும் தூரமானவை. ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடிப் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

சந்தையும் முஹ்தஸிபும்

முதலில் எங்கள் மரபிலிருந்து தொடங்கலாம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மக்கள் நடமாடும் பாதையிலும், இளைப்பாறும் நிழலிலும், நீர் எடுக்கும் துறையிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்ற எச்சரிக்கையும் ஹதீஸ் நூல்களில் உண்டு. இவை தனிமனிதனுக்கான போதனைகள். ஆனால் பட்டணம் பெருத்தபோது தனிமனித ஒழுக்கம் மட்டும் போதவில்லை. அதற்கென்று ஒரு பதவி வேண்டியிருந்தது. அதுதான் ‘ஹிஸ்பா’. அதை வகித்தவர் ‘முஹ்தஸிப்’.

11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாவர்தீ, ஆட்சியியல் பற்றிய தம் நூலில் ஹிஸ்பாவுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய கைநூல் முஹ்தஸிபின் அன்றாட வேலையை விவரிக்கிறது. நிறுவை, அளவை, ரொட்டி சுடுபவர், இறைச்சி விற்பவர் என்று கடை கடையாகச் செல்லும் அந்நூல், சந்தையின் சேறையும் அழுக்கையும் கூட்டித் துப்பரவாக வைத்திருக்கும்படி சந்தைக்காரருக்கு முஹ்தஸிப் கட்டளையிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முஹ்தஸிப் தானே ஆள்வைத்துக் கூட்டுவதில்லை, சந்தைக்காரர்தான் கூட்டினார்கள். கூட்டுகிறார்களா என்று பார்ப்பதும், கூட்டாவிட்டால் தட்டிக்கேட்பதும் அவர் வேலை. மேற்பார்வை ஆட்சியிடம் இருந்தது, விளக்குமாறு கடைக்காரரிடம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு இலங்கைக்கு வருவோம்.

நோய்ப் பயத்தில் பிறந்த சபைகள்

இன்று சபை என்றால் நமக்கு உறுப்பினரும் தவிசாளரும் வட்டாரமும் வாக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் இச்சபைகள் பெருமளவுக்கு நோய்ப் பயத்தில் பிறந்தவை. அம்மையும் கொலராவும் பட்டணங்களை உலுக்கிய நூற்றாண்டு அது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் கொழும்புக்கும் கண்டிக்கும், அதையடுத்துக் காலிக்கும் மாநகர சபைகள் கிடைத்தன. அடுத்த நிலைப் பட்டணங்களுக்கு 1876இல் வேறொரு சபை வந்தது. ‘லோக்கல் போர்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்டாலும் அதன் முழுப்பெயரில் ‘சுகாதாரமும் அபிவிருத்தியும்’ என்ற சொற்கள் சேர்ந்தே இருந்தன. 1892இல் சிறு பட்டணங்களுக்கு வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘சுகாதாரம்’ இருந்தது. அதன்கீழ் அமைந்தவைதான் ‘சனிட்டரி போர்ட்’டுகள். இவற்றின் கடிவாளம் ‘ஏசண்டர் துரை’ என்று நம் மூத்தவர்கள் சொல்லும் அரசாங்க அதிபரின் கையில் இருந்தது. ஊராரின் குரல் அங்கே சிறிது.

பெயர்களே கதை சொல்கின்றன. ஒரு சின்னப் பட்டணத்துக்குச் சபை என்று ஒன்று கிடைத்ததே துப்பரவுக்காகத்தான். வாசிகசாலை, விளையாட்டு மைதானம் போன்றவை பின்னால் வந்து சேர்ந்தவை. ஆகவே, ‘குப்பை அள்ளுறதும் சபைட வேலைகள்ல ஒண்டு’ என்று சொல்வது வரலாற்றின்படி போதாது. அந்த வேலைக்காகத்தான் சபையே வந்தது.

1914இல் கொழும்பில் பிளேக் நோய் தலைகாட்டியபோது இந்தக் கடமையின் கனம் எல்லோருக்கும் புரிந்தது. எலியும் தெள்ளும் பரப்பும் நோய் அது. அரிசி மூட்டைகள் அடுக்கிய களஞ்சியங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் கலந்து கிடந்த வர்த்தகப் பகுதிகள்தான் அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது. வியாபாரத்தை நம்பி வாழ்ந்த நம் சமூகத்துக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ‘சனிட்டரி இன்ஸ்பெக்டர்’ என்ற பெயரில் வந்து, இன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகராகிவிட்ட பீ.எச்.ஐ. ஊர் ஊராக அறிமுகமானார். ஒருவகையில் அவர் முஹ்தஸிபின் புதிய உருவம் என்று எனக்குத் தோன்றும்.

மூன்று சட்டங்கள், ஒரே வாசகம்

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் உள்ளூராட்சிக்கு இன்றைய வடிவம் வந்தது. நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பட்டின சபைகளுக்கு 1946ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்.

இன்று நடைமுறையில் உள்ளவை மூன்று. மாநகர சபைச் சட்டத்தில் 129, 130, 131ஆம் பிரிவுகள். நகர சபைச் சட்டத்தில் 118, 119, 120ஆம் பிரிவுகள். பிரதேச சபைச் சட்டத்தில் 93, 94, 95ஆம் பிரிவுகள். எண்கள் வேறு, சாரம் ஒன்றுதான்.

முதலாவது பிரிவு கடமையைச் சொல்கிறது. தெருக்களையும் நடைபாதைகளையும் கூட்டித் துப்பரவாக்குதல், தெருக் குப்பையை அகற்றுதல், வீட்டுக் குப்பையை உரிய காலங்களில் எடுத்துச் செல்லுதல், மலகூடங்களை வெறுமையாக்கிச் சுத்தம் செய்தல், சேர்த்தவை அனைத்தையும் முறையாக அகற்றுதல் ஆகியவை சபையின் கடமை. இரண்டாவது பிரிவின்படி, இவ்வாறு சேர்த்த குப்பையும் கழிவும் சபையின் சொத்து. அதை விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவது பிரிவின்படி, அவற்றைக் கொட்டுவதற்கு வசதியான இடத்தையும், அதற்கான வாகனம், உபகரணம் முதலியவற்றையும் சபையே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டு விடயங்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, அந்தச் ‘சொத்து’ என்ற சொல். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போவதைச் சட்டம் சொத்து என்கிறது. எருவுக்கு மதிப்பிருந்த காலத்தின் கண் அது. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் அந்தச் சட்டம் எழுதியவர்களின் கனவிலும் இல்லை. உக்கும் கழிவைப் பிரித்துச் சேதனப் பசளை செய்து விற்கலாம் என்பதை இன்று புதுமையாகப் பேசுகிறோம். சட்டத்தில் அதற்கான கதவு எத்தனையோ வருடங்களாகத் திறந்தே கிடக்கிறது.

மற்றது, கடமையைச் சொல்லும் அதே பிரிவில் வரும் ‘இயன்றளவு’ என்ற சொல். சபைகள் ஒளிந்துகொள்வதும் இந்தச் சொல்லுக்குப் பின்னால்தான். காசில்லை, டிரக்டர் பழுது, கொட்ட இடமில்லை. இவை எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சந்தைக் குத்தகையும் இறைச்சிக்கடைக் கேள்விப் பணமும் சோலைவரியும் வாங்கும்போது ‘இயன்றளவு’ என்று யாரும் சொல்வதில்லையே!

கலைந்துபோன சிறு சபைகள்

நம் கிழக்கு ஊர்களுக்கு இன்னொரு கதை உண்டு. 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டத்தோடு பட்டின சபைகளும் கிராம சபைகளும் இல்லாமல் போயின. பிரதேச சபைகள் வந்தபோது பழைய எல்லைகள் திரும்பி வரவில்லை. கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் தனித்தனியே இருந்த இடத்தில் ஒரே சபை வந்தது. பிற்காலத்தில் சாய்ந்தமருது மக்கள் தனிச் சபை கேட்டு எழுந்ததும், 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வெளியாகிச் சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டதும் நாம் அறிந்தவை. அதன் அரசியல் நியாயம் எப்படியும் இருக்கட்டும். ‘எங்கட ஊர்க் குப்பய எங்கட சபையே அள்ளட்டும்’ என்ற எளிய ஆசையும் அதற்குள் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இடம் என்பது நம் ஊர்களின் பெருங்குறை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் களப்பும், நடுவில் நெருக்கியடித்த வீடுகள். சட்டம் சொல்லும் ‘வசதியான இடம்’ எங்கே இருக்கிறது? குப்பை எப்போதும் குரல் குறைந்தவர் பக்கமாகவே போகிறது. அம்பாறை மாவட்டத்தில் பல ஊர்களின் குப்பை பள்ளக்காட்டுக்குப் போனது. அங்கே அதைத் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் மடிந்தன என்று 2022இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதன்பின் கொழும்பின் குப்பையைப் புத்தளத்தின் அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வேகம் பெற்றபோது, அவ்வூர் மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்று போராடினார்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மண் அது. தலைநகரின் குப்பைக்கும் அதுதானா இடம் என்று அவர்கள் கேட்டதில் என்ன பிழை?

விளக்குமாறு பிடித்த கை

வரலாறு எழுதும்போது விடுபடுகிறவர்கள் உண்டு. சபை என்றால் தலைவர்களின் படங்களைச் சுவரில் மாட்டுகிறோம். கூட்டியவரின் படம் எங்கும் இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் பட்டணத் துப்பரவு வேலைக்குத் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதி மக்களைக் கொண்டுவந்தார்கள். கண்டி மஹியாவை போன்ற இடங்களில் சபை கட்டிக் கொடுத்த லயன்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். வாளிக் கக்கூஸ் காலத்தைப் பற்றி என் வாப்பா சொல்வார்: வெள்ளாப்பிலே, ஊர் எழும்ப முந்தி, பின்பக்கத்து ஒழுங்கையால் வந்து வாளியை எடுத்துப் போவார்களாம். ‘அவங்கட பேரு என்ன வாப்பா?’ என்று ஒருநாள் கேட்டேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘பேரு யாரு மனே கேட்ட?’ என்றார்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போயிற்று. பட்டணத்தைக் கூட்டிய கைகளில் பல, பட்டணத்தின் சபையைத் தெரிவுசெய்ய முடியாத கைகளாயின. அந்தப் பிரச்சினைக்கு இறுதித் தீர்வாக ஒரு சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று. இன்று நம் ஊர்களில் இவ்வேலை செய்பவர்களில் நம் ஊர் இளைஞர்களும் உண்டு. பலர் அமைய ஊழியர்கள். கையுறை இல்லாமல் கண்ணாடித் துண்டும் ஊசியும் கலந்த பையைத் தூக்குகிறார்கள். ஆனால் அவர்களைக் கூப்பிடும் தொனி மட்டும் மாறவில்லை. பாதையின் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்று மிம்பரில் கேட்டுவிட்டு, அதையே தொழிலாகச் செய்பவரைக் கண்டு ஒதுங்கி நடக்கிறோம்.

நம் பங்கு

அந்த மாணவனின் கேள்விக்குப் பின் ஒருநாள், மதிலடிக் குப்பையைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்தோம். சபையில் கேட்டு ஒரு டிரக்டரும் வாங்கினோம். பைகளில் அச்சிட்டிருந்த பெயர்கள் எல்லாம் எங்கள் ஊர்க் கடைகளுடையவை. வலீமா விருந்துச் சோற்றோடு கட்டியெறிந்த பிளாஸ்டிக் போத்தல்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஒரு பையிலிருந்து நான் சிவப்பு மையால் புள்ளியிட்ட விடைத்தாள்கள் வெளியே வந்தன. என் வீட்டுப் பைதான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உழ்ஹிய்யாக் காலத்தில் பல ஊர்களில் பள்ளிவாசல்களும் சபைகளும் பீ.எச்.ஐ.மாரும் முன்கூட்டியே பேசி, கழிவைப் புதைக்க இடமும் நேரமும் ஒழுங்கு செய்கிறார்கள். அந்த நாட்களுக்கு இயலுமானது மற்ற நாட்களுக்கு ஏன் இயலாது? அங்கே சபை தன் கடமையைச் செய்கிறது, ஜமாஅத் தன் பங்கைச் செய்கிறது. ஷைஸரீயின் சந்தையும் ஏறத்தாழ அப்படித்தான் இயங்கியது. சட்டம் வந்தபின் கடமையைச் சபைக்குக் கொடுத்தோம். அதோடு சேர்த்து விளக்குமாறையும் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

சபையிடம் கேட்க வேண்டும், உரத்துக் கேட்க வேண்டும். பிரிவு 93ஐக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம். 2023 மார்ச் முதல் 2025 மே வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் சபைகள் இயங்கிய காலத்திலும் அந்தக் கடமை அப்படியேதான் இருந்தது. அது ஆளைச் சார்ந்ததல்ல, சபை என்ற நிறுவனத்தின் மேல் சுமத்தப்பட்டது. ஆனால் சட்டத்தின்படி குப்பை சபையின் சொத்தாவது சபை அதைச் சேர்த்த பிறகுதான். அதற்கு முன்பு அது யாருடையது?

அந்த மாணவனுக்கு நான் கடைசியாகச் சொன்ன பதிலும் இதுதான்: ‘அது வர நம்முடது, மனே.’