டிராகன் பழம் விலை ஏன் அதிகம்? ஒரே ராத்திரி பூக்கும் கள்ளிச்செடியின் கதை

பழக்கடையில் ரோஸ் கலரில், செதில் செதிலாக இருக்கும் டிராகன் பழத்தை ஆசையாக எடுத்துவிட்டு, விலையைக் கேட்டதும் திரும்ப வைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

எந்த ஊர் பழம்?

பெயரைக் கேட்டால் சீனா என்று தோன்றும். ஆனால் பூர்வீகம் தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். இது மரத்திலும் பாறையிலும் தொற்றி ஏறும் கள்ளி வகை. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மூலம் வியட்நாமுக்குப் போனது. இன்று ஏற்றுமதியில் முன்னணியில் இருப்பது அந்த நாடுதான். இந்தியாவில் குஜராத் அரசு, தாமரை போல இருப்பதாகச் சொல்லி 2021 ஜனவரியில் இதற்கு 'கமலம்' என்று பெயர் வைத்தது.

முதல் செலவே பெரிது

இந்தச் செடி தானாக நிற்காது. அதனால் தோட்டம் முழுக்க கான்கிரீட் தூண் நட்டு, உச்சியில் வளையமோ பழைய டயரோ மாட்ட வேண்டும். பழம் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பணத்தைப் போட்டாக வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

ஒரே ராத்திரி

பெரிய வெள்ளைப் பூ, இருட்டிய பிறகு விரியும். மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். பூர்வீகக் காடுகளில் வௌவாலும் அந்துப்பூச்சியும் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். சில ரகங்கள் தன் சொந்த மகரந்தத்தில் காய்க்காது. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். பூச்சி வராத இடத்தில், விவசாயியே ராத்திரி டார்ச்சும் பிரஷுமாகப் பூ பூவாகப் போய்த் தடவ வேண்டியதுதான். அன்று தவறவிட்டால் அந்தப் பூ உதிர்ந்துவிடும். சேர்ந்தால், ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து பழம் பறிக்கலாம்.

பகல் நீளமாக இருக்கும் மாதங்களில்தான் இது பூக்கும். அதனால் வியட்நாம் விவசாயிகள் சீசன் இல்லாத நேரத்தில் ராத்திரி தோட்டத்தில் பல்பு எரியவிட்டுப் பூக்க வைக்கிறார்கள். கரண்ட் செலவு தனி.

வாங்கும்போது கவனிங்க

பறித்த பிறகு இந்தப் பழம் பழுக்காது. காயாக வாங்கி வீட்டில் வைத்தாலும் இனிப்பு கூடாது. முழுக்க நிறம் ஏறியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். செதில் நுனி காய்ந்து, பழம் கொழகொழவென இருந்தால் பழையது.

சிவப்புச் சதை உள்ள பழம் சாப்பிட்ட பிறகு சிறுநீர் ரோஸ் நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம். பீட்ரூட்டில் இருப்பது போன்ற நிறமிதான் காரணம். பழம் சாப்பிடாமலே அப்படிப் போனால் மட்டும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.