கடுகண்ணாவைக்கு அப்பாலிருந்து சென்னை மேடைக்கு: சிறுவர் பாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள்

1867இல் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டிக்குப் போன புகையிரதப் பாதை, மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவே போடப்பட்டது. பின்னர் அதே பாதையில் தேயிலை இறங்கியது. தேயிலை போன இடங்களுக்கெல்லாம் அதைப் பறித்தவர்களின் குரல் போகவில்லை. மலையகத் தமிழர் தமது இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த 2023இல், ஒரு சிறுமியின் பாட்டு அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

கண்டி மாவட்டம், புசல்லாவை நயப்பன தோட்டத்தைச் சேர்ந்தவர் அசானி கனகராஜ். ஊரவர்களின் உதவியுடன் சென்னை சென்ற அவர், தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' முதற்கட்டத் தேர்வைத் தவறவிட்டார். ஆயினும் பின்னர் பாட வாய்ப்புக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளரின் வாழ்வு அவர் வழியாகத் தமிழக வீடுகளில் பேசப்பட்டது.

அதே போட்டியில் பங்குபற்றிய யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா, 2023 டிசம்பரில் பட்டத்தை வென்றார். வடக்கும் மலையகமும் ஒரே மேடைக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை.

இதற்கு முன்னோடி புலம்பெயர் நாட்டிலிருந்து வந்தது. 2015இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற கனடாவின் ஜெசிக்கா யூட், பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஈழத்திலும் தமிழகத்திலும் உள்ள ஆதரவற்ற சிறுவர்களுக்கு வழங்குவதாக அறிவித்தார்.

இப்போட்டிகளில் பாட்டுடன் பிள்ளையின் கதையும் காட்டப்படும். போரின் இழப்பும் லயன் அறையின் வறுமையும் கண்ணீர்க் காட்சிகளாகின்றன. நம் துயரம் பலருக்குத் தெரியவருவது நல்லதே. ஆனால் அதைச் சுமந்து நிற்பது ஒரு சிறுபிள்ளை. பாட்டில் சிறு பிழை விட்டாலும் ஊரையே ஏமாற்றிவிட்டதாக அப்பிள்ளை நினைக்கக்கூடும். பெற்றோரும் ஊடகங்களும் இதை மறக்கக்கூடாது.

திறமை இருந்தும் பயில இடம் வேண்டுமே. யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கல்லூரியின் மரபு இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் அழகியற் கற்கை நிறுவகம் இருக்கிறது. புசல்லாவைப் பிள்ளைக்கு இரண்டுமே தொலைவு. வெற்றி பெற்றவருக்கு மாலை போட்டு வரவேற்கும் அமைப்புகள், தோட்டப் பாடசாலைக்கு ஒரு சங்கீத ஆசிரியரையும் ஒரு ஆர்மோனியத்தையும் கொடுத்தால், சென்னைக்குப் போக முடியாத பிள்ளையும் பாடப் பழகும்.