இருபத்து நான்கு இலக்கத்தில் ஓர் எண்

திருமலையில் காணிக்கை எண்ணும் இடத்திற்குப் பரகாமணி என்று பெயர். எத்துணைக் கோடி குவிந்தாலும் அங்கே இருபத்து நான்கு இலக்கத்தில் கணக்கெழுத நேர்ந்ததில்லை. ஆயினும் மலையடிவாரத்தில் 1954ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த ஒருவர் பெயரோடு அத்தகைய எண் ஒன்று பிணைந்திருக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

அவர் எம். வி. சுப்பாராவ். ஆந்திரத்து யாஜலியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, ஆர். வைத்தியநாதசுவாமியிடம் ஆராய்ச்சி செய்தவர். அவ்வாசிரியர் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் ஒரு புதிய நோக்கைக் காட்டியிருந்தார். 60 என்பது 4, 3, 5 என்னும் மூன்று கட்டுகளின் பெருக்கம். நான்கை இரண்டிரண்டாக உடைக்காமல் ஒரே கட்டாகவே கொள்ள வேண்டும். அங்ஙனம் முழுக் கட்டுகளால் ஆன வகுத்திகள், அறுபதை நீக்கினால், 1, 3, 4, 5, 12, 15, 20. கூட்டிப் பாருங்கள், அறுபதே வரும்! அறுபதாண்டுச் சக்கரம் வகுத்த முன்னோர் இதனை எண்ணியிருப்பார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது; அதற்குச் சான்றில்லை. இவ்வகுத்திகளுக்கு இன்று உலகில் வழங்கும் பெயரை 1960இல் எக்ஃபோர்டு கோகன் இட்டார். சென்னையாசிரியர் பெயர் அதனால் பின்தங்கிப் போனது எனக்குக் குறையாகவே படுகிறது.

சுப்பாராவ் கனடா சென்றபின் 1966இல் வாரன் என்பவருடன் சேர்ந்து, இப்பண்புடைய 6, 60, 90, 87,360 என்னும் நான்கு எண்களை வெளியிட்டார். ஒற்றைப்படை எண்களில் அவ்வாறு ஒன்றும் இராது என்பதும் நிறுவப்பட்டது. ஐந்தாவதை 1975இல் சார்லசு வால் அச்சிட்டார். அது 146361946186458562560000.

இது எவ்வாறு அமைந்தது? கட்டு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் எண்ணின் இருமடங்கு வர வேண்டும். அறுபதுக்கு 5, 4, 6, பெருக்கினால் 120. பேரெண்ணின் மிகப் பெரிய கட்டு, இரண்டின் பதினெட்டாம் அடுக்காகிய 2,62,144. ஒன்று கூட்டினால் 5, 13, 37, 109 ஆகியவற்றின் பெருக்கம் கிடைக்கிறது. அந்த ஐந்து, நான்காம் அடுக்கில் 625 ஆக நிற்கிறது. அதனோடு ஒன்று கூட்டினால் 626, அதாவது இருமுறை 313. 314 என்பது இருமுறை 157. 158 என்பது இருமுறை 79. 80இலோ இரண்டும் ஐந்தும் தவிர வேறு பகா எண் இல்லை. ஒன்றை ஒன்று ஈன்று, ஈற்றில் கடன் ஏதும் மிஞ்சாமல் கணக்குத் தீர்கிறது. கட்டுகள் பன்னிரண்டு, ஆகவே வகுத்திகள் 4,096. தன்னை நீக்கி எஞ்சிய 4,095ஐயும் கூட்டினால் அவ்வெண்ணே திரும்பி வரும்.

இத்தகைய எண்கள் முடிவுடையனவே என்பது சுப்பாராவின் கருத்து. புதிதாக ஒன்றைக் காண்பவருக்குப் பத்து சென்ட் பரிசு என்றும் வேடிக்கையாக அறிவித்தார். ஆறாவது எண் இருக்குமாயின் அதில் ஒற்றைப்படைக் கட்டுகள் ஒன்பதுக்குக் குறையா என்று வால் 1988இல் காட்டினார். சுப்பாராவ் 2006இல் மறைந்தார். அவ்வெண் இன்னும் அகப்படவில்லை. இல்லை என்று எவரும் நிறுவவும் இல்லை.