கலீபாவின் கயிறும் கப்பல்காரன் கரமும்

வாழும் ஊர் ஒன்று. வணங்கும் திசை வேறொன்று. அந்த ஊருக்காக உழைக்கிறான், வரி செலுத்துகிறான், போர் மூண்டால் உயிரையும் கொடுக்கிறான். ஆயினும், அவன் திரும்பி நிற்கும் திசையைச் சுட்டிக்காட்டி, "இவன் நம்மவன்தானா?" என்று ஊர் கேட்கிறது. மேலை நாடுகளில் சிறுபான்மையினராக வாழும் முஸ்லிம்கள் மீது வீசப்படும் கேள்வி இது. இன்று நேற்று அல்ல, நூறாண்டுக்கும் மேலாக வீசப்பட்டு வருகிறது.

உலக முஸ்லிம்களோடு அவர்களைப் பிணைக்கும் கயிறு ஒன்று உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தக் கயிற்றை முறுக்கியவர் யார்? எந்தெந்தக் கைகள் எந்தெந்தக் காலத்தில் அதைப் பற்றி இழுத்தன? இழுத்ததால் பயன் பெற்றவர் யார், பலியானவர் யார்? இவற்றையன்றோ முதலில் ஆராய்தல் வேண்டும்! இங்கிலாந்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏடுகள் இருக்கின்றன, சான்றுகள் இருக்கின்றன, பாடமும் இருக்கிறது.

லிவர்பூல், பருத்தி மூட்டைகளால் கொழுத்த துறைமுகம். அங்கு வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஹென்றி குவில்லியம், 1887-இல் மொராக்கோ சென்றார், இஸ்லாத்தைத் தழுவினார், அப்துல்லா குவில்லியம் ஆனார். 1889-இல் நகரின் ஒரு சாதாரண வீட்டிலே தொழுகைக் கூடம் அமைத்தார். பள்ளி நடத்தினார், இதழ் நடத்தினார், ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தினார். தொழுகைக்கு அழைக்கும் குரல் கேட்டதும் கல் வீசிற்று ஒரு கூட்டம். ஆனால், கல் வந்த அதே காலத்தில் கடல் கடந்து பட்டமும் வந்தது. 1894-இல் துருக்கிச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, அவருக்கு 'பிரிட்டிஷ் தீவுகளின் ஷேக்-உல்-இஸ்லாம்' என்ற பட்டத்தைச் சூட்டினார். அடுத்த ஆண்டு, ஆப்கானிஸ்தான் இளவரசர் நஸ்ருல்லா கான் 2,500 பவுன் நன்கொடை அளித்தார்.

சுல்தானுக்கு லிவர்பூல் மீது ஏன் இத்துணைக் கரிசனம்? தன் நாட்டிலே நாடாளுமன்றத்தை 1878-இல் இழுத்து மூடியவர் அவர். மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவிக்கொண்டிருந்தன. கருவூலம் கடன்காரர் பிடியில் கிடந்தது. கையிலிருந்த செங்கோல் தளரத் தளர, தலையிலிருந்த 'கலீபா' என்ற முடியை உலகெங்கும் காட்டிப் பெருமை தேடினார். உள்நாட்டு முஸ்லிமுக்கு உரிமை இல்லை. வெளிநாட்டு முஸ்லிமுக்குப் பட்டம்! கயிற்றை முதலில் பற்றியது அரண்மனைக் கை என்பதை மறவாதீர்கள்.

1896-இல் சோதனை வந்தது. சூடான் மீது ஆங்கில அரசு படை நடத்திற்று. ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமை எதிர்த்து ஆயுதம் ஏந்தலாகாது என்று குவில்லியம் அறிக்கை விடுத்தார். கிளம்பிற்று கூச்சல்! துரோகம் என்ற சொல் அடிபட்டது. ஆனால், அதற்குப் பதினான்கு ஆண்டுகட்கு முன்பு, அலெக்சாண்டிரியா மீது குண்டு வீசியதைக் கண்டித்து அமைச்சர் பதவியையே உதறியெறிந்தார் ஜான் பிரைட் என்ற கிறித்தவப் பெரியார். அவர் செய்ததற்குப் பெயர் மனச்சான்று. இவர் செய்ததற்குப் பெயர் துரோகமா?

வேறுபாடு ஒன்று உண்டு. அதை மறைத்தல் அறிவு நேர்மை ஆகாது. போர் அநீதி என்றார் பிரைட். முஸ்லிம் முஸ்லிமோடு பொருதல் தவறு என்றார் குவில்லியம். முன்னது அறத்தை அளவுகோலாகக் கொண்டது. பின்னது மதத்தை அளவுகோலாகக் கொண்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்; இறுதியில் இது பயன்படும்.

குவில்லியம் 1908-இல் லிவர்பூலை விட்டு நீங்கினார், அமைப்பும் சிதறிற்று. மற்றொரு முனை வோகிங் என்ற சிற்றூர். 1889-இல் அங்கு எழுந்த பள்ளிவாசலைக் கட்டுவித்தவர் லெயிட்னர். யூதக் குடும்பத்தில் பிறந்த மொழியறிஞர், லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பொருள் தந்தவர் போபால் அரசி ஷாஜகான் பேகம். யூதர் குடியில் பிறந்தவர் எழுப்ப, இந்திய அரசி பொருள் தர, ஆங்கில மண்ணிலே முஸ்லிம் தொழுகிறான்! மதச் சுவர்கள் இயற்கையானவை என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

1914-இல் உலகப் போர். நவம்பரில் துருக்கிச் சுல்தான் பெயரால் புனிதப்போர் அறிவிப்பு வந்தது. கிழக்கே முழங்கிய அந்த முரசை மேற்கே இருந்த ஜெர்மன் கெய்சர் கொண்டாடினார்! பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டார்பு என்ற இடத்தில், சிறைப்பட்ட முஸ்லிம் வீரர்களுக்காக 1915-இல் மரத்தாலான பள்ளிவாசல் எழுப்பினர் ஜெர்மானியர். அன்பாலா? அல்ல, அவர்களைத் தம் பக்கம் திருப்புவதற்கு. ஆங்கிலேயர் முஸ்லிம் வீரர்களை முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்றும் பரப்பினர். உடனே ஆங்கில அரசு, வோகிங் பள்ளிவாசலுக்கு அருகே அவர்களுக்கெனத் தனி இடுகாடு அமைத்தது. உயிரோடிருந்தவனைப் பதுங்குகுழிக்கு அனுப்பிய அரசுகள், செத்தவனுக்குக் குழி தோண்டுவதில் போட்டியிட்டன!

வீரன் என்ன செய்தான்? 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு படைப்பிரிவு கிளர்ந்தெழுந்தது உண்மை. ஆனால், இந்திய முஸ்லிம் வீரரில் மிகப் பெரும்பாலோர் சுல்தானின் முரசைக் கேட்டும் தம் அணியிலேயே நின்றனர். கயிறு எல்லோரையும் கட்டி இழுத்துவிடும் என்று கனவு கண்ட கெய்சரும் ஏமாந்தார். அஞ்சிய ஆங்கிலேயரும் தேவையின்றி அஞ்சினர்.

அடுத்து வந்தது, வரலாற்றின் பெரும் வேடிக்கை. 1923 நவம்பரில், இலண்டனிலிருந்து இருவர் துருக்கிப் பிரதமர் இஸ்மத் பாஷாவுக்கு மடல் எழுதினர். ஒருவர் ஆகாகான், மற்றவர், பிரிவி கவுன்சில் நீதிக்குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியரான அமீர் அலி. கலீபாவின் பெருமையைக் காத்திடுக என்பது வேண்டுகோள். பிரதமர் கைக்குச் சேருமுன்பே இஸ்தான்புல் ஏடுகள் அதை வெளியிட்டுவிட்டன. சீறி எழுந்தது அங்காரா. "இலண்டனில் அமர்ந்திருப்போர் எமக்குக் கட்டளையிடுவதா? இருவரும் ஷியா பிரிவினர். சன்னிகளின் கலீபாவுக்காக இவர்கள் ஏன் வாதாட வேண்டும்?" என்று கேட்டனர் துருக்கியர். மடலை வெளியிட்ட இதழாசிரியர்கள் மீது வழக்கு. 1924 மார்ச் 3-ஆம் நாள், துருக்கி நாடாளுமன்றம் கலீபா பதவியையே ஒழித்தது! கலீபாவைக் காக்கப் புறப்பட்ட கடிதம், கலீபாவை வீழ்த்தக் கருவியாயிற்று. தொலைவிலிருந்து பார்த்தவர்கட்குக் கலீபா புனிதச் சின்னம். அருகிலிருந்து அனுபவித்த துருக்கியர்க்கு அவர் பழமையின் சுமை.

அரசர், பிரபு, வழக்கறிஞர் கதை இதுவரை. இனிக் கப்பலின் அடித்தட்டுக்கு இறங்குவோம். அங்கே உலைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான் ஏமன் நாட்டு ஏழை. 1839-இல் ஆங்கிலேயர் ஏடனைப் பிடித்தனர். ஏடன் வழியாக ஏமானியர் கப்பல் ஏறினர். கார்டிப், சௌத் ஷீல்ட்ஸ் துறைமுகங்களில் குடியமர்ந்தனர். போர்க்காலத்தில் கப்பலோட்ட அவன் வேண்டும். போர் முடிந்ததும்? 1919-இல் வெள்ளைக் கும்பல்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கின. கார்டிப்பில் உயிர்ப்பலியும் நேர்ந்தது. 1925-இல் வந்த ஓர் ஆணை, நிறமுடைய மாலுமிகள் தாம் ஆங்கிலப் பேரரசின் குடிகள் என்பதைச் சான்று காட்டி நிறுவாவிடில் அந்நியராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. உழைக்கும்போது பேரரசின் பிள்ளை. உரிமை கேட்டால் பிறத்தியான்! 1930-இல் வேலைப் பங்கீட்டுத் தகராறு சௌத் ஷீல்ட்ஸில் மோதலாயிற்று. அராபியர் சிறைப்பட்டனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

அந்த உழைப்பாளிகளிடையே 1936-இல் வந்து சேர்ந்தார் அப்துல்லா அலி அல்-ஹக்கீமி என்ற சமயத் தலைவர். தொழுகைக் கூடங்கள் நிறுவினார். அதோடு நின்றாரில்லை. 1948-இல் கார்டிப் நகரிலிருந்து 'அஸ்-ஸலாம்' என்ற அரபு இதழைத் தொடங்கினார். யாரை எதிர்த்து எழுதினார்? ஏமன் நாட்டை ஆண்ட இமாமின் கொடுங்கோலை எதிர்த்து! இமாமை ஆதரித்தோரும் அங்கே இருந்தனர். மாலுமிகள் இரு கூறாகப் பிளவுபட்டனர். மார்க்கம் ஒன்று, மொழி ஒன்று, நாடு ஒன்று. ஆயினும் மன்னன் பக்கமா, மக்கள் பக்கமா என்ற கேள்வி பிளந்தது. 'உலக முஸ்லிம்கள் எல்லாம் ஒரே கட்டு' என்று அஞ்சுவோரும், அவ்வாறே பெருமை பேசுவோரும் கார்டிப் கப்பல்காரனிடம் பாடம் கேட்கட்டும். பட்டம் தந்து சுல்தான் இழுத்த அதே கயிற்றை, கரி படிந்த கரத்தால் கப்பல்காரன் மறுமுனையிலிருந்து இழுத்தான், அரியணையை அசைப்பதற்காக.

பிற்காலத்திலும் இரு கைகளும் ஓயவில்லை. 1989 ஜனவரியில் பிராட்போர்டு நகரில் ருஷ்டியின் நாவல் கொளுத்தப்பட்டது. பிப்ரவரி 14-இல் ஈரானின் கொமேனி கொலை ஆணை பிறப்பித்தார். ஒரு நகரத்து மக்களின் மனப்புண்ணை ஓர் ஆட்சியாளர் தன் கொடியாக்கிக்கொண்டார். ஏட்டுக்கு மறுப்பு ஏடுதான். தீயும் அன்று, தூக்கும் அன்று. அன்று இலண்டனில் பல மதங்களில் பிறந்த பெண்கள் சிலர் கூடி, மதவெறியும் வேண்டாம், நிறவெறியும் வேண்டாம் என்று தெருவில் நின்றனர். ஊர்வலத்தாரும் ஏசினர், நிறவெறியரும் ஏசினர். இரு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்தச் சிறு கூட்டத்தை வரலாறு வணங்கும்.

2003 பிப்ரவரி 15. ஈராக் மீது படையெடுப்பைத் தடுக்க இலண்டனில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். முஸ்லிம் அமைப்பினரும் தொழிற்சங்கத்தினரும், பாதிரிமாரும் கடவுள் மறுப்பாளரும் தோளோடு தோள் உரசி நடந்தனர். 1896-இல் குவில்லியம் தனியே நின்றார். மதத்தின் பெயரால் பேசியதால், மதத்தவரை மட்டுமே அழைக்க முடிந்தது. 2003-இல் அநீதி என்ற சொல்லால் அழைத்தனர், ஊரே வந்தது. போரை நிறுத்த முடியவில்லை. ஆனால், 'நம்மவனா அந்நியனா' என்ற கேள்வி அன்றொரு நாள் அந்தத் தெருவில் செத்துக் கிடந்தது.

2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 39 இலட்சம், நூற்றுக்கு 6.5 பேர். அவர்களை நோக்கி, கயிற்றை அறுத்தெறி என்பது கொடுமை. தாய்நாட்டில் தங்கைக்குப் பணம் அனுப்புவதும், அங்கு குண்டு விழுந்தால் இங்கு கண்ணீர் விடுவதும் மனித இயல்பு. அறுக்க வேண்டியது உறவை அன்று. உறவின் மீது ஏறிச் சவாரி செய்யும் ஆதிக்கத்தை. சுல்தான் போனார், கெய்சர் போனார், இமாமும் போனார். கரி அள்ளியவனின் பேரப்பிள்ளைகள் அதே துறைமுகத் தெருக்களில் வாழ்கின்றனர்.

இளைஞர்களே! சிறுபான்மையினர் ஒருவரைப் பார்த்து, "நீ யார் பக்கம்?" என்று எவரேனும் கேட்டால், கேட்டவரை நோக்கி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "அவன் உரிமைக்கு நீ எந்தப் பக்கம்? அநீதி உன்னவன் செய்தால் நீ எந்தப் பக்கம்?" விடை சொல்லும் தகுதி படைத்தவனுக்கு மட்டுமே கேள்வி கேட்கும் உரிமை உண்டு.