குழிமுகத் தோற்றமும் மனச்சிதைவும்: தருமபுரியை முன்வைத்து ஒரு வாதம்

புதிதாகக் கட்டும் வீட்டின் முன் தொங்குகிற திருஷ்டி பொம்மையின் முகத்தைக் கழற்றி, உட்புறம் நம்மைப் பார்க்கும்படி வைத்துவிட்டு நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். குழிந்திருக்கும் மூக்கும் கன்னமும் புடைத்தே தெரியும். குழி என்று கையால் தடவி அறிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. பிறந்தது முதல் நாம் பார்த்த முகமெல்லாம் புடைத்தவை. அந்த அனுபவத்தைக் கொண்டு கண் அனுப்பும் செய்தியை மூளை திருத்திவிடுகிறது. இதுவே குழிமுகத் தோற்றம்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளில் பலருக்கு இந்தத் திருத்தம் நடப்பதில்லை. குழி குழியாகவே தெரிகிறது. 2009-இல் டனாய் டிமாவும் ஜெர்மனியின் ஹானோவர் குழுவினரும் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இதைச் சோதித்தனர். குழிமுகத்தைப் பார்க்கும்போது, நலமாக இருப்பவர்களின் மூளையில் மேல்நிலைப் பகுதிகளிலிருந்து பார்வைப் பகுதிக்கு இறங்கும் தொடர்பு வலுவடைந்தது. நோயாளிகளிடம் அது வலுவடையவில்லை. கண்ணின் செய்தியை மேலே எடுத்துச்செல்லும் தொடர்பே ஓங்கி நின்றது. மூளைப் பகுதிகள் தனித்தனியே கெடுவதல்ல, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு பிசகுவதே இந்நோயின் மையம் என்று 1995-இல் கார்ல் ஃபிரிஸ்டனும் கிறிஸ் ஃபிரித்தும் முன்வைத்த கருதுகோளுக்கு இது நேரடிச் சான்றாக அமைந்தது. சோதிக்கப்பட்டவர்கள் சிலரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனையில் நோயாளி தோற்கவில்லை, நம்மைவிடச் சரியாகப் பார்க்கிறார். என் வாதம் இதன்மேல்தான் நிற்கிறது. மனச்சிதைவு பற்றிய பார்வைச் சோதனைகளில் பெரும்பாலானவை குறைபாட்டை அளப்பவை: சிதறிய கோட்டுத் துண்டுகளுக்குள் ஒளிந்த வடிவத்தைக் கண்டுபிடி, நகரும் புள்ளியைக் கண்ணால் தொடர் என்பது போல. ஒருவர் இவற்றில் குறைந்த மதிப்பெண் பெற்றால் காரணம் மூளைத் தொடர்பா, மாத்திரையின் மயக்கமா, கவனச் சிதறலா, கண்ணாடி இல்லாததா என்று பிரித்தறிவது கடினம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.54 விழுக்காடாக, தமிழ்நாட்டிலேயே கடைசி இடத்தில் நின்ற தருமபுரி மாவட்டத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பாலக்கோட்டிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வரும், பள்ளிக்கூடம் போகாத ஒருவர் கணினித் திரை முன் தடுமாறுவதை நோயின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆனால் படிப்பில்லாததாலோ கண்ணாடி இல்லாததாலோ ஒருவர் சராசரி மனிதரைவிடத் துல்லியமாகப் பார்த்துவிட முடியாது.

இந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. 2005-இல் லண்டனில் ஸ்டீவன் டேகின் குழு, அழுத்தமான பின்னணிக்கு நடுவே மங்கித் தோன்றும் வட்டத்தைக் காட்டிச் சோதித்தபோது, நோயாளிகள் அதன் உண்மையான அழுத்தத்தை மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். 2012-இல் அமெரிக்காவில் பல மையங்களில் இதைத் திரும்பச் செய்தவர்கள், கவனப் பிசகைக் கணக்கில் எடுத்ததும் வேறுபாடு பெருமளவு சுருங்குவதைக் கண்டனர். மதுவை நிறுத்திய நாட்களிலும், கஞ்சாவின் போதையிலும், தூக்கம் கெட்டாலும் குழிமுகத் தோற்றம் குறையும். ஆகவே இது நோயைக் கண்டறியும் கருவியாகாது. அப்படி யாராவது விற்க வந்தால் வாங்கக் கூடாது. நோயின் போக்கைக் கவனிக்க உதவும் என்பதே சரியான மதிப்பீடு: இந்த மாற்றம் நோய் தீவிரமாக உள்ள நிலையைச் சார்ந்தது என்று 2013-இல் பிரையன் கீன், ஸ்டீவன் சில்வர்ஸ்டீன் குழுவினர் காட்டினர்.

குழிமுகத்துக்குப் பதில், உள்ளூர்த் தன்மைக்காகப் புள்ளிக் கோலத்தைச் சோதனையாக்கலாம் என்ற எண்ணம் கவர்ச்சியானது; ஆனால் நான் ஏற்கவில்லை. தினமும் வாசலில் கோலம் போடும் பெண்ணின் கண் அதில் பழகிய கண். அந்தப் பழக்கமே இல்லாத ஆணோடு அவரை ஒப்பிட்டால் நாம் அளப்பது பயிற்சியை. முகம் எல்லாருக்கும் பொது.

மூளை ஆய்வுக்குத் தமிழகக் கிராமங்கள் புதியவை அல்ல. சென்னையில் 1984-இல் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பின் தாராவும் பத்மாவதியும், ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடியோடு சேர்ந்து, ஒருமுறைகூட மருந்து எடுக்காத கிராமத்து நோயாளிகளை ஆராய்ந்து 1996-லும், எம்.ஆர்.ஐ. கொண்டு 2002-லும் முடிவுகளை வெளியிட்டனர். மருந்தின் விளைவு கலவாத மூளையைக் காண உலகுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. ஆனால் ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போய், ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்க்காமல் விடப்பட்ட மனிதர்களின் இழப்பு அந்த வாய்ப்புக்குள் இருக்கிறது. இனி எந்த ஆய்வும் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

2015-16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறக்குறைய 0.4 விழுக்காட்டினருக்கு மனச்சிதைவும் அதைச் சார்ந்த நோய்களும் இருப்பதாகக் கண்டது. 2011 கணக்கெடுப்பில் 15 லட்சம் மக்கள் இருந்த தருமபுரிக்கு அந்த விகிதத்தைப் பொருத்தினால் சில ஆயிரம் பேர் வருகிறார்கள். ஓசூர் சாலையில் இருக்கும் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை இங்கிருந்து பஸ்ஸில் எட்டும் தூரம்தான். மூளைத் தொடர்பை ஸ்கேனில் அளப்பது அங்கே நடக்கட்டும். நோயாளிகள் மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் இடத்தில் குழிமுகச் சோதனையைச் செய்ய ஒரு முகமூடியும், நல்ல வெளிச்சமும், பொறுமையான ஒரு செவிலியரும் போதும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மனச்சிதைவு நோயாளிகளின் பார்வை மற்றவர்களைவிட மங்கியிருப்பதையும், அவர்கள் கண் பரிசோதனைக்குப் போவது குறைவு என்பதையும் பின்லாந்து ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. எழுத்துக்குப் பதில் வாய் திறந்த வளையங்கள் வரைந்த பலகை இருந்தால் படிக்காதவருக்கும் பார்வையை அளந்துவிடலாம். மருத்துவக் கல்லூரி என்றால் மனநலத் துறையும் கண் துறையும் இருந்தாக வேண்டும்; தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இயங்குகிறது. மனச்சிதைவு என்று முடிவாகும் ஒவ்வொருவரையும் முதல் மாதத்திலேயே கண் பிரிவுக்கு அனுப்பி, தேவைப்பட்டால் கண்ணாடி கொடுக்கும் வழக்கத்தை அவ்விரு துறைகளும் சேர்ந்து தொடங்க வேண்டும்.