இயக்குநீர் ஒடுக்கச் சிகிச்சையும் எலும்பு இழப்பும்

இயக்குநீர் ஒடுக்கச் சிகிச்சை என்பது, முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோயின் (புரோஸ்டேட் புற்றுநோய்) வளர்ச்சியைத் தடுக்க, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரின் (ஹார்மோன்) அளவைக் குறைக்கும் மருத்துவ முறையாகும். இதன் முக்கியமான பக்கவிளைவுகளில் ஒன்று எலும்பு அடர்த்தி குறைதல் ஆகும். இச்சிகிச்சை பெறும் பலர் பல ஆண்டுகள் வாழ்வதால், புற்று கட்டுக்குள் இருக்கும்போதே இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் நிலை சிலருக்கு ஏற்படுகிறது. இதனைப் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டறிந்து குறைக்க இயலும்.

வரலாறு

விதைகளை அகற்றுவதாலோ ஈஸ்ட்ரோசன் அளிப்பதாலோ இப்புற்று சுருங்கும் என்பதை 1941 இல் சார்லஸ் ஹக்கின்ஸ் வெளிப்படுத்தினார். இதற்காக 1966 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈஸ்ட்ரோசன் மாத்திரைகள் இரத்தம் உறைதல், இதய நோய் ஆகியவற்றை உண்டாக்கியதால் வழக்கொழிந்தன. 1980களில் லியூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிமருந்துகள் வந்தன. ஈஸ்ட்ரோசன் எலும்பைக் காக்கும் தன்மையுடையது. புதிய ஊசிகளுக்கு அத்தன்மை இல்லை.

காரணம்

எலும்பு வாழ்நாள் முழுவதும் கரைந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோசனாக மாறி, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. சிகிச்சையால் இவ்விரண்டும் குறைவதால், கரைதல் கட்டுதலை மிஞ்சுகிறது. இழப்பு முதல் ஆண்டிலேயே மிகுதியாக இருக்கும். தசைகளும் மெலிவதால் கீழே விழும் வாய்ப்பு கூடுகிறது. இந்நோயாளிகள் பலர் இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுபவர்கள் என்பதும் கருதத்தக்கது.

முறிவு இடர்

அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005 இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறியப்பட்டபின் ஐந்தாண்டுகளேனும் வாழ்ந்தோருள், இச்சிகிச்சை பெற்றவர்களில் 19.4 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது.

முதுகெலும்பு நசுங்கல் வலியின்றியும் நிகழலாம். வலி இருப்பின் அது முதுமையாலோ புற்றின் பரவலாலோ வந்ததாகக் கொள்ளப்படக்கூடும்; படமெடுத்தே வேறுபடுத்த இயலும். முதுகுவலியுடன் கால்கள் வலுவிழந்தால் உடனடி மருத்துவம் தேவை.

கண்டறிதல்

டெக்சா என்னும் எக்சு கதிர்ச் சோதனையால் எலும்பு அடர்த்தி அளக்கப்படுகிறது. டி-மதிப்பு −2.5 அல்லது அதற்கும் கீழ் இருப்பின் அது எலும்புப்புரை எனப்படும். முதியோருக்கு மூட்டுத் தேய்மானத்தால் முதுகெலும்பின் அளவு பொய்யாக உயர்ந்து காட்டலாம். ஆதலால் இடுப்பின் அளவும் பார்க்கப்படும். சிகிச்சை தொடங்கும்போதே முதற் சோதனை செய்வது நன்று.

தடுப்பும் மருத்துவமும்

• நாளொன்றுக்கு உணவு உட்பட 1000 முதல் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), போதிய வைட்டமின் டி.
• நடை, எடை தூக்குதல் போன்ற பயிற்சிகள். புகையிலை, மது தவிர்த்தல்.
• வழுக்கும் குளியலறைத் தரை, இரவில் வெளிச்சமின்மை ஆகியவற்றைச் சரிசெய்தல்.
• இடர் மிகுந்தோருக்கு சோலெட்ரானிக் அமிலம் போன்ற பிசுபாசுபோனேட்டுகள் அல்லது டெனோசுமாப்.

1468 பேர் பங்கேற்று 2009 இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை டெனோசுமாப் பெற்றோரிடம் மூன்றாண்டுகளில் புதிய முதுகெலும்பு முறிவு 1.5 விழுக்காடாகவும் மற்றோரிடம் 3.9 விழுக்காடாகவும் இருந்தது. இம்மருந்தை இடையில் நிறுத்தினால் எலும்பு விரைந்து கரையக்கூடும். எனவே மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. இவ்விரு வகை மருந்துகளும் அரிதாகத் தாடையெலும்பு அழிவை உண்டாக்குவதால், தொடங்குமுன் பல் மருத்துவரைக் காணவேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

இந்தியாவில் ஊசிகளின் செலவைக் கருதி விதைகளை அகற்றும் அறுவை மருத்துவத்தைப் பலர் ஏற்கின்றனர். அது ஒருமுறை செய்வது, மீட்க இயலாதது. மாதந்தோறும் ஊசிக்கு வரவேண்டிய தேவை இல்லாததால், எலும்புச் சோதனை விடுபட்டுப் போகும் வாய்ப்பு உண்டு. ஊசி, அறுவை இரண்டிலும் எலும்பு இழப்பு ஏற்படும்.

நாவலூர் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கரையோரம் போன்று வெயில் மிகுந்த இடங்களிலும், வீட்டினுள்ளே இருப்போருக்கு வைட்டமின் டி குறைபாடு ஏற்படலாம். கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. கூழ், களி, அடை எனப் பழகிய உணவாகவே இதனைப் பெறலாம். எனினும் எலும்புப்புரை உள்ளோருக்கு உணவு மட்டும் மருந்துக்கு ஈடாகாது.

இவற்றையும் பார்க்க

• எலும்புப்புரை
• முன்னிற்கும் சுரப்பி
• டெஸ்டோஸ்டிரோன்